அத்தியாயம் 6: யூ இல்லாத க்யூ

ஸ்க்ராபிள் பையில் மொத்தம் 100 டைல்கள். அவற்றில் க்யூ ஒன்றே ஒன்றுதான். அதன் மூலையில் 10 என்று அச்சிட்டிருக்கும்; பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் ரேக்கில் வந்து உட்கார்ந்ததுமே பலருக்கு முகம் வாடிவிடும். 'யூ வரட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று காத்திருப்பார்கள். பையில் யூ இருப்பதோ நாலே நாலு. இரண்டு ஏற்கெனவே பலகையில் விழுந்து, இன்னொன்று எதிராளி கையில் இருந்தால், மிச்சமுள்ள ஒரு யூவுக்காக ஆட்டம் முழுக்கத் தவம் கிடக்க வேண்டியதுதான். அதற்குள் எதிராளி டைல்களை முடித்துவிட்டால் நம் கணக்கில் 10 கழியும், அவர் கணக்கில் 10 கூடும். ஒரே டைலால் 20 புள்ளி போச்சு. நெருக்கமான ஆட்டத்தில் தோற்க அதுவே போதும்.

யூவின் தயவு இல்லாமல் க்யூவை இறக்க உதவும் குறுஞ்சொற்களை, அவற்றின் பொருளோடு இந்த அத்தியாயம் சொல்லித்தருகிறது. வெறும் பட்டியலாக மனப்பாடம் செய்தால் இரண்டு வாரத்தில் மறந்துபோகும். எந்த ஊர்ச் சொல், எதைக் குறிக்கிறது என்று தெரிந்துகொண்டால் எழுத்துகளும் சேர்ந்தே நினைவில் நிற்கும். இதில் நமக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு. லண்டன்காரர் உருப்போட்டுப் படிக்க வேண்டிய பல சொற்களை நாம் தமிழ் நாளிதழில் ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கிறோம்.

எழுத்துக்கூட்டும் முறை

இந்த நூலில் ஆங்கில எழுத்துகளைத் தமிழிலேயே கூட்டுகிறோம். அப்படி எழுதும்போது ஆங்கில வரிசையில் இரண்டாவதும் பதினாறாவதும் 'பி' ஆகிவிடுகின்றன. நாலாவதும் இருபதாவதும் 'டி' ஆகிவிடுகின்றன. போனில் பெயர் சொல்லும்போது என்ன செய்வோமோ அதையே இங்கும் செய்வோம்: பாம்பே பி, பாண்டி பி, டெல்லி டி, டைகர் டி. மற்ற எழுத்துகளில் குழப்பமில்லை. உயிரெழுத்துகள் ஐந்தும் ஏ, இ, ஐ, ஓ, யூ. கடைசி எழுத்து இசட்.

சொல்லுக்குப் பக்கத்தில் தரும் எண், டைல்களின் அடிப்படைக் கூட்டுத்தொகை. பலகையின் சிறப்புக் கட்டங்களில் கிடைப்பது இதற்கு மேல்.

பழைய விலை, புதிய சந்தை

இந்த விளையாட்டை உருவாக்கியவர் ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற நியூயார்க் கட்டடக் கலைஞர். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை இழந்தவர். நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்து, அதற்கேற்பத்தான் டைல்களின் எண்ணிக்கையையும் புள்ளிகளையும் வகுத்தார். 1948-ல் ஜேம்ஸ் புருனோ அதே விளையாட்டை 'ஸ்க்ராபிள்' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தார்.

அன்றைய நாளிதழில் க்யூ அபூர்வம். யூ இல்லாத க்யூ அதைவிட அபூர்வம். அதனால்தான் 10 புள்ளி. அதற்குப் பிறகு போட்டிச் சொற்பட்டியல்கள் பல முறை விரிந்துவிட்டன. டைலில் அச்சிட்ட எண் மட்டும் மாறவே இல்லை. இந்த அத்தியாயத்தின் நாயகனான ஈரெழுத்துச் சொல் வட அமெரிக்கப் பட்டியலில் நுழைந்தது 2006-ல்தான். அரும்பொருளுக்கு வைத்த விலையிலேயே இன்று சுலபமாகச் செலவாகும் சரக்கை விற்கிறோம். ஆகவே க்யூ வந்தால் கவலைப்படத் தேவையில்லை. சொல் தெரிந்தவருக்கு அது லாபம்.

ஒரு முன்னெச்சரிக்கை. உலகில் இரண்டு பட்டியல்கள் புழங்குகின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒன்று. இந்தியா உட்பட ஏனைய பெரும்பாலான நாடுகளின் போட்டிகளில் காலின்ஸ் பட்டியல். காலின்ஸ் பெரியது. 2019 பதிப்பில் அதன் ஈரெழுத்துச் சொற்கள் மட்டும் 127. இந்த அத்தியாயம் காலின்ஸைப் பின்பற்றுகிறது. அமெரிக்க உறவினரோடு செயலியில் ஆடுவதானால் எந்தப் பட்டியல் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பாதி ஆட்டத்தில் பஞ்சாயத்து வைக்க வேண்டாம்.

யூ ஏன் வருவதில்லை?

லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொற்களில் க்யூவுக்குப் பின்னால் பெரும்பாலும் யூ வரும். மற்ற மொழிகளுக்கு அந்த வழக்கம் இல்லை. அவை ஒவ்வொன்றும் க்யூவைத் தமக்கு வேண்டிய ஒலிக்குப் பயன்படுத்திக்கொண்டன.

அரபியில் இரண்டு 'க' உண்டு. சாதாரணமான ஒன்று, தொண்டையின் அடியிலிருந்து எழும் இன்னொன்று. இரண்டாவதை ரோமன் எழுத்தில் காட்ட க்யூ. சீன அரசு 1958-ல் ஏற்ற பின்யின் முறையில் க்யூ என்பது 'ச்ச' போன்ற ஒலி. ஜூலு மொழியில் அது நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஓர் ஒலி. அல்பேனியாவில் வேறொன்று.

யூ இல்லாத க்யூ சொல் ஒன்றைப் புதிதாகச் சந்தித்தால் முதல் கேள்வி 'இது எந்த ஊர்?' என்பதாக இருக்கட்டும். கீழே உள்ள சொற்களையும் அப்படித்தான் குடும்பம் குடும்பமாகப் பிரித்திருக்கிறோம்.

முதல் குடும்பம்: சீனத்து ஈரெழுத்து

க்யூ-ஐ (11). உச்சரிப்பு 'ச்சீ'. எதிராளி முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடாதீர்கள். சீன மருத்துவத்திலும் தத்துவத்திலும் உடலில் ஓடுவதாகக் கருதப்படும் உயிராற்றல். பின்னால் எஸ் ஒட்டும்: க்யூ-ஐ-எஸ்.

இதே சொல்லுக்கு வேறு இரண்டு உருவங்களும் பட்டியலில் உண்டு. பழைய முறையில் எழுதினால் சி-எச்-ஐ. ஜப்பான் வழியாக வந்தால் கே-ஐ. மூன்றும் செல்லும். க்யூ, எச், கே மூன்றுமே கையில் சிரமம் தரும் எழுத்துகள். மூன்றுக்கும் ஐ ஒன்றே வழி திறந்துவிடுகிறது.

இந்த நூலில் ஒரே ஒரு சொல்லைத்தான் படிப்பேன் என்று அடம்பிடிப்பவர் இதைப் படித்தால் போதும். பையில் ஐ 9 உண்டு. யூவுக்குக் காத்திருப்பதைவிட ஐக்குக் காத்திருப்பது எவ்வளவோ மேல்.

இரண்டாம் குடும்பம்: நமக்குத் தெரிந்த அரபுச் சொற்கள்

- க்யூ-ஏ-டெல்லி டி-ஐ (14): இஸ்லாமியச் சட்டப்படி தீர்ப்புச் சொல்லும் நீதிபதி. நம் ஊரில் காஜி. ரமலான் பிறை தெரிந்ததாக அறிவிக்கும் தலைமை காஜியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில நாளிதழ்களில் இசட் போட்டு எழுதிப் பார்த்திருப்போம். பலகையில் டெல்லி டி போடுங்கள். முதல் எழுத்தாக சி அல்லது கே போட்டாலும் சொல் செல்லும்.
- க்யூ-ஏ-ஐ-டெல்லி டி (14): தலைவர், வட ஆப்பிரிக்காவில் குலத்தலைவர். காயிதே மில்லத் என்ற பட்டத்தின் முதல் பாதி இந்த அரபுச் சொல்லேதான். பட்டத்தை ஆங்கிலத்தில் யூ சேர்த்து எழுதுவது வழக்கம். இங்கே யூ வேண்டாம்.
- டபிள்யூ-ஏ-க்யூ-எஃப் (19): அறப்பணிக்கென்று நிரந்தரமாக எழுதிவைக்கும் சொத்து. வக்ஃபு வாரியம் தெரிந்தவருக்கு விளக்கம் தேவையில்லை. நாலே எழுத்தில் 19.
- எஃப்-ஐ-க்யூ-எச் (19): இஸ்லாமியச் சட்டவியல். 'ஃபிக்ஹு' என்று மதரஸாவில் படிக்கும் பாடம்.
- டைகர் டி-ஏ-எல்-ஏ-க்யூ (14): மணமுறிவு, தலாக். உச்ச நீதிமன்றத்தின் 2017 தீர்ப்பை ஒட்டி ஆங்கில நாளிதழ்களில் தினமும் இந்தச் சொல்லைப் பார்த்தோம், எழுத்துக்கூட்டும் அதேதான்.
- எஃப்-ஏ-க்யூ-ஐ-ஆர் (17): பக்கீர், எளிய வாழ்வு வாழும் துறவி. க்யூவுக்குப் பதில் கே போட்டாலும் சரி.
- க்யூ-ஐ-பாம்பே பி-எல்-ஏ (16): தொழும்போது நோக்கும் மக்காவின் திசை, கிப்லா.
- என்-ஐ-க்யூ-ஏ-பாம்பே பி (16): கண்கள் மட்டும் தெரியும்படி அணியும் முகத்திரை, நிகாப்.
- பாம்பே பி-யூ-ஆர்-க்யூ-ஏ (16): புர்கா. இதில் யூ உண்டு, ஆனால் க்யூவுக்குப் பின்னால் இல்லை.
- எஸ்-யூ-க்யூ (12): அரபு நாடுகளின் கடைத்தெரு. இதிலும் யூ முன்னால் வருகிறது. யூவும் க்யூவும் கையில் இருந்தும் இடம் அமையாதபோது இந்த மூன்றெழுத்து கைகொடுக்கும்.

இந்தக் குடும்பத்தில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். காஜிக்கும் காயிதுக்கும் எழுத்துகள் ஒன்றேதான்: க்யூ, ஏ, ஐ, டெல்லி டி. வரிசைதான் வேறு. ஒன்று ஐயில் முடிகிறது, மற்றது டெல்லி டியில். பலகையில் எந்த இடம் வசதியோ அதற்கேற்ற சொல்லைப் போடலாம். இரண்டுக்குமே எஸ் ஒட்டும்.

கவ்வாலியும் பட்டியலில் உண்டு: க்யூ-ஏ-டபிள்யூ-டபிள்யூ-ஏ-எல்-ஐ. ஏழெழுத்து, ஏழு டைலையும் ஒரே வீச்சில் இறக்கினால் 50 புள்ளி போனஸ். ஆனால் பையில் டபிள்யூ மொத்தமே இரண்டு. இரண்டும் நம்மிடமே வர வேண்டும். ஆகவே இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள்.

மூன்றாம் குடும்பம்: இலையும் நீரும்

க்யூ-ஏ-டைகர் டி (12): ஏமன், எத்தியோப்பியா பகுதிகளில் விளையும் ஒரு செடி. அதன் பச்சை இலையைக் கன்னத்தில் ஒதுக்கி மெல்வார்கள். லேசான கிறக்கம் தரும். ஏமனில் பிற்பகலில் ஆண்கள் கூடி உட்கார்ந்து மெல்வது அன்றாட வழக்கம். கே-ஏ-டைகர் டி என்றும், நடுவில் எச் சேர்த்தும் எழுதலாம், எல்லாமே செல்லும்.

க்யூ-ஏ-என்-ஏ-டைகர் டி (14): ஈரானின் பழைய நிலத்தடி நீர்வழி. மலையடிவாரத்தில் ஊற்றுள்ள இடத்தில் ஆழமாக ஒரு தாய்க்கிணறு தோண்டுவார்கள். அங்கிருந்து ஊர்வரை லேசான சரிவோடு சுரங்கம் வெட்டுவார்கள். வழிநெடுகக் காற்றுக்காகவும் மண் அள்ளவும் செங்குத்துக் குழிகள் இருக்கும். இறைக்கும் கருவி எதுவும் இல்லாமல் நீர் தானே நடந்து ஊருக்கு வந்துவிடும். வெயிலில் ஆவியாவதும் குறைவு. இப்படிப்பட்ட 11 நீர்வழிகளை 2016-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இந்தப் படத்தை மனத்தில் ஒருமுறை வரைந்துவிட்டால் ஐந்து எழுத்தும் மறக்காது.

நாலாம் குடும்பம்: எழுத்தும் காசும்

அந்நிய எழுத்துகளின் பெயர்களும் அந்நியக் காசுகளின் பெயர்களும் ஸ்க்ராபிள் ஆடுபவருக்கு எப்போதும் கைகொடுக்கும்.

- க்யூ-ஓ-பாண்டி பி-எச் (18): எபிரேய நெடுங்கணக்கின் 19-வது எழுத்து. இந்தப் பட்டியலில் ஏவோ ஐயோ தேவைப்படாமல், ஓவை வைத்துக்கொண்டு க்யூவை இறக்க உதவும் சொல் இது. நாலு டைலும் சேர்த்து 18.
- க்யூ-ஏ-பாண்டி பி-ஐ-கே (20): அஜர்பைஜான் நாட்டுச் சில்லறை. 100 சேர்ந்தால் ஒரு மனாத்.
- க்யூ-ஐ-என்-டெல்லி டி-ஏ-ஆர் (16): முன்பு புழங்கிய அல்பேனியச் சில்லறை, 100 சேர்ந்தால் ஒரு லெக். டெல்லி டிக்குப் பதில் டைகர் டி போட்டாலும் செல்லும்.
- எஸ்-எச்-இ-க்யூ-இ-எல் (18): இஸ்ரேலின் பணம். கே போட்டு எழுதுவதே அதிகம் தெரிந்த வடிவம், க்யூவும் செல்லும்.

ஐந்தாம் குடும்பம்: உதிரிகள்

க்யூ-டபிள்யூ-இ-ஆர்-டைகர் டி-ஒய் (21): தட்டச்சு விசைப்பலகையின் மேல் வரிசையில் முதல் ஆறு எழுத்துகள். இதற்கு உருப்போட வேண்டியதே இல்லை. கணினி முன்னால் உட்கார்ந்து இடமிருந்து வலமாகப் படித்தால் போதும்.

டைகர் டி-ஆர்-ஏ-என்-க்யூ (14): அமைதிப்படுத்தும் மருந்தைக் குறிக்கும் முழுச்சொல்லின் முன்பாதி. முழுச்சொல்லில் யூ உண்டு. வெட்டியபோது அது போய்விட்டது.

சி-ஐ-என்-க்யூ (15): பகடையிலும் சீட்டிலும் ஐந்து.

ஒரே டைலால் ஒட்டுவது

பலகையில் ஏற்கெனவே உள்ள சொல்லின் முன்னாலோ பின்னாலோ ஒரே எழுத்தைச் சேர்த்துப் புதுச்சொல் ஆக்குவது நல்ல ஆட்டக்காரரின் அன்றாட வேலை. க்யூவுக்கு அப்படி ஒட்ட இடமே கிடைக்காது என்று பலர் நினைக்கிறார்கள். நாலு இடம் இருக்கிறது:

- ஏ-டைகர் டி: முன்னால் க்யூ ஒட்டினால் ஏமன் இலை.
- ஐ-எஸ்: முன்னால் க்யூ ஒட்டினால் உயிராற்றலின் பன்மை.
- உதவி என்று பொருள்படும் ஏ-ஐ-டெல்லி டி: முன்னால் க்யூ ஒட்டினால் குலத்தலைவர்.
- டைகர் டி-ஏ-எல்-ஏ: பின்னால் க்யூ ஒட்டினால் தலாக். இந்த நாலெழுத்து, நம் இசையின் தாளம். சமோவா நாட்டுப் பணத்துக்கும் அதே எழுத்துகள்.

ஏ-டைகர் டி, ஐ-எஸ் இரண்டும் எந்த ஆட்டத்திலும் எங்கேயாவது விழுந்திருக்கும். க்யூ கைக்கு வந்ததும் முதலில் அவற்றைத் தேடுங்கள்.

62 புள்ளி: ஒரு கணக்கு

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பயிற்சியைப் பலகையில் செய்து பார்ப்பதானால் இதைச் செய்யுங்கள்.

பலகையில் கிடையாக டாக்ஸி என்ற சொல் இருக்கிறது: டைகர் டி-ஏ-எக்ஸ்-ஐ. கடைசி எழுத்தான ஐக்கு நேர் மேலே, ஓர் எழுத்தின் மதிப்பை மூன்று மடங்காக்கும் டிரிபிள் லெட்டர் கட்டம் காலியாக இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள மற்றக் கட்டங்களும் ஐக்குக் கீழே உள்ள கட்டமும் காலி. உங்கள் ரேக்கில் க்யூவும் ஓர் ஐயும் உண்டு.

க்யூவை அந்த டிரிபிள் லெட்டர் கட்டத்தில் வையுங்கள். அதன் வலப்பக்கத்தில் உங்கள் ஐயை வையுங்கள். இப்போது இரண்டு சொற்கள் உருவாகின்றன. இடமிருந்து வலமாக க்யூ-ஐ. மேலிருந்து கீழாக, டாக்ஸியின் ஐயைச் சேர்த்து, இன்னொரு க்யூ-ஐ.

கிடைச்சொல்: க்யூ மூன்று மடங்காகி 30, ஐக்கு 1, மொத்தம் 31. நெடுக்குச்சொல்லுக்கும் அதே 31. இரண்டு டைலுக்கு 62 புள்ளி. ஏழு டைலையும் இறக்கி 50 போனஸ் வாங்கியவர் பெறும் புள்ளிக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம்.

இந்த வாய்ப்புக்குத் தேவை மூன்றே விஷயம்: ஐயில் முடியும் கிடைச்சொல், அந்த ஐக்கு மேலே சிறப்புக் கட்டம், கையில் இன்னோர் ஐ. திருப்பியும் யோசியுங்கள். க்யூ எங்கே இருக்கிறது என்று தெரியாத நிலையில், டிரிபிள் லெட்டர் கட்டத்துக்குக் கீழே ஐயில் முடியும் சொல்லை நீங்களே போட்டால் எதிராளிக்கு விருந்து வைத்த மாதிரி.

மற்ற விலையுயர்ந்தவை: எக்ஸ், இசட், ஜே

எக்ஸ் (8 புள்ளி) ஐந்து உயிரெழுத்துகளோடும் சேர்ந்து ஈரெழுத்துச் சொல் தரும். ஏ, இ, ஓ மூன்றும் எக்ஸுக்கு முன்னால். ஐ, யூ இரண்டும் எக்ஸுக்குப் பின்னால். ஏ-எக்ஸ் கோடரி. இ-எக்ஸ் முன்னாள் துணை. ஓ-எக்ஸ் எருது. எக்ஸ்-ஐ கிரேக்க நெடுங்கணக்கின் 14-வது எழுத்து. எக்ஸ்-யூ முன்பு புழங்கிய வியட்நாம் சில்லறை. 100 சேர்ந்தால் ஒரு டாங். ஆகவே எக்ஸ் கையில் சிக்கித் தவித்தேன் என்று யாரும் சொல்ல இடமில்லை.

இசட் (10 புள்ளி): இசட்-ஏ என்பது பீட்சாவுக்கு அமெரிக்க இளைஞர்கள் வைத்த செல்லப்பெயர், க்யூ-ஐயோடு சேர்ந்து 2006-ல் வட அமெரிக்கப் பட்டியலில் ஏறியது. இசட்-ஓ, இமயமலைப் பகுதியில் யாக் எருமைக்கும் பசுவினத்துக்கும் பிறக்கும் கலப்புக் கால்நடை. காலின்ஸில் மட்டும் செல்லும். இசட்-இ, ஆண்பால் பெண்பால் காட்டாத படர்க்கைச் சொல். காலின்ஸில் 2019-ல் சேர்ந்தது. மூன்றெழுத்தில் ஒன்று: இசட்-ஏ-எக்ஸ் (19), கூரைக்குப் போடும் பலகைக்கல்லை வெட்டும் கருவி. நாலெழுத்தில் ஒன்று: ஏ-டெல்லி டி-இசட்-இ (14), நம் தச்சர் கையிலிருக்கும் வாய்ச்சி.

ஜே (8 புள்ளி): ஜே-ஓ, ஸ்காட்லாந்தில் காதலன் அல்லது காதலி. ஜே-ஏ, தென்னாப்பிரிக்கப் பேச்சில் 'ஆமாம்'. இதுவும் காலின்ஸில் மட்டும்.

வியைக் கொண்ட ஈரெழுத்துச் சொல் எந்தப் பட்டியலிலும் இல்லை. சி வருவது காலின்ஸில் ஒன்றே ஒன்று: சி-எச். எதிராளி ஒட்டி ஆடக்கூடாது என்று ஓரிடத்தை அடைக்க நினைத்தால் வியைப் பயன்படுத்துங்கள்.

செல்லாதவை

இராக், கத்தார் இரண்டிலும் யூ இல்லாத க்யூ இருக்கிறது. ஆனால் அவை நாட்டின் பெயர்கள். சிறப்புப் பெயர்களுக்கு அனுமதி இல்லை. அறிவுத்திறன் அளவைக் குறிக்கும் ஐ-க்யூவும் செல்லாது. அது இரண்டு சொற்களின் முதலெழுத்துகள் மட்டுமே. எதிராளி நம்பிக்கையோடு இவற்றை வைத்தால் தயங்காமல் சேலஞ்ச் செய்யுங்கள். தவறான சேலஞ்சுக்குத் தண்டனை நாட்டுக்கு நாடு வேறுபடும். விதியை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

க்யூ கையில்: என்ன முடிவு?

ஆட்டத்தின் தொடக்கத்தில் க்யூ வந்து, கையில் ஐ, ஏ, யூ எதுவுமே இல்லையா? பலகையிலும் ஒட்டும் இடம் இல்லையா? பையில் 7 அல்லது அதற்கு மேல் டைல் இருக்கும்வரை மாற்றிக்கொள்ளலாம். ஒரு முறை ஆட முடியாமல் போகும். ஆனால் ஆறு டைலோடு ஐந்தாறு முறை திணறுவதைவிட அது சிக்கனம்.

ஐ இருந்தால், 20 புள்ளிக்கு மேல் தரும் இடம் தெரிந்தவுடன் போட்டுவிடுங்கள். 62 வரும் என்று காத்திருந்து ரேக்கை அடைத்துவைக்காதீர்கள். க்யூ கையில் இருக்கும்வரை நீங்கள் ஆடுவது உண்மையில் ஆறு டைலோடுதான்.

ஆட்டம் முடியப்போகும் கட்டத்தில் மூன்றை எண்ணுங்கள்: வெளிவந்த ஐ எத்தனை, யூ எத்தனை, க்யூ வந்ததா. பை காலியாகி, க்யூ பலகையிலும் உங்கள் கையிலும் இல்லையென்றால் அது எதிராளியிடம் இருக்கிறது. அப்போது ஐக்குப் பக்கத்துக் காலியிடங்களையும் ஒட்டும் இடங்களையும் அடைத்துவிட்டு, உங்கள் டைல்களை வேகமாக முடியுங்கள்.

பொருள் தெரிய வேண்டுமா?

போட்டி விதிப்படி வேண்டியதில்லை. சொல் பட்டியலில் இருந்தால் போதும். ஐந்து முறை ஆங்கில உலகச் சாம்பியனான நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015-ல் பிரெஞ்சு ஸ்க்ராபிள் உலகப் பட்டத்தை வென்றார். 2024-ல் ஸ்பானிய மொழிப் பட்டத்தையும் அப்படியே வென்றார். எழுத்துகளைப் பார்த்தால் போதும் என்ற அசாத்திய நினைவாற்றல் அவருடையது. அந்த வரம் நமக்கு இல்லையென்றால் பொருளைப் பிடித்துக்கொள்வதே சுலபமான வழி. காஜியைத் தெரிந்தவருக்கு நாலெழுத்து நினைவிருக்கும்; தெரியாதவர் அந்த நாலெழுத்தைத் தனியாகச் சுமக்க வேண்டும்.

குறுஞ்சொற்களை இளப்பமாக நினைக்கவும் வேண்டாம். 2015-ல் பெர்த்தில் ஆங்கில உலகப் பட்டம் வென்ற வெலிங்டன் ஜிகெரே நைஜீரியாக்காரர். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முதல் சாம்பியன். நீண்ட சொற்களைத் துரத்தாமல் நாலைந்து எழுத்துச் சொற்களில் புள்ளி குவித்துப் பலகையை அடைத்து ஆடும் பாணியை நைஜீரிய ஆட்டக்காரர்கள் வளர்த்தெடுத்தார்கள்.

பயிற்சி

1. ரேக்கில் க்யூ, ஏ, ஐ, டெல்லி டி, என், ஆர், ஓ. நாலெழுத்தில் இரண்டு சொல், ஆறெழுத்தில் ஒன்று சொல்லுங்கள்.
2. ரேக்கில் உயிரெழுத்து ஓ மட்டும்தான்; கூடவே க்யூ, பாண்டி பி, எச் இருக்கின்றன. என்ன சொல்?
3. பலகையில் ஏ-ஐ-டெல்லி டி இருக்கிறது, முன்னாலும் பின்னாலும் காலிக் கட்டம். கையில் க்யூவும் எஸ்ஸும் உண்டு. சொல்லின் இரு பக்கமும் ஒட்டினால் என்ன வரும், அடிப்படைப் புள்ளி எவ்வளவு?
4. பை காலி. யூ நாலும் ஐ ஒன்பதும் பலகையில். கையில் க்யூ. பலகையில் எதைத் தேட வேண்டும்?

விடைகள்:

1. காஜியும் குலத்தலைவரும்: க்யூ-ஏ-டெல்லி டி-ஐ, க்யூ-ஏ-ஐ-டெல்லி டி. ஆறெழுத்தில் அல்பேனியச் சில்லறை: க்யூ-ஐ-என்-டெல்லி டி-ஏ-ஆர்.
2. எபிரேய எழுத்து: க்யூ-ஓ-பாண்டி பி-எச், 18 புள்ளி.
3. குலத்தலைவரின் பன்மை: க்யூ-ஏ-ஐ-டெல்லி டி-எஸ், 15 புள்ளி.
4. முன்னால் ஒட்டும் இடம் திறந்திருக்கும் ஏ-டைகர் டி, ஐ-எஸ், ஏ-ஐ-டெல்லி டி. பின்னால் ஒட்டும் டைகர் டி-ஏ-எல்-ஏ. கீழேயோ வலப்பக்கமோ இடமிருக்கும் தனி ஐ அல்ல, க்யூவை மேலேயோ இடப்பக்கமோ வைக்க விடும் ஐ. இவற்றில் ஒன்றாவது கிடைத்தால் கழியவிருந்த புள்ளி வரவாக மாறும்.